முகம் கொடுத்த டாக்டர்

1916ம் ஆண்டின் தொடக்கம். முதலாவது உலகப்போர் உச்சகட்டத்தில் இருந்தது.

லண்டன் நகரின் ஸ்டிராண்டு வீதியில் உள்ள ஒரு ஸ்டேஷனரி கடைக்கு ஒரு ராணுவ டாக்டர் வந்தார். பார்சல்களில் கட்டும் லேபிள்கள் வேண்டும் என்று கேட்டார். ஒன்றிரண்டு அல்ல, 10 பவுனுக்கு வாங்கினார். எல்லா லேபிள்களிலும் ஒரே விலாசம்தான். அவருடைய பெயர், அதற்குக் கீழே ஆல்டர்ஷாட் நகர் கேம்பிரிட்ஜ் ராணுவ ஆஸ்பத்திரி.

அந்த லேபிள்களை அவர் போர் இலாகாவுக்கு அனுப்பினார். பிரான்சு போர்முனையில் முகத்தில் குண்டு பட்ட சிப்பாய்களின் உடையில் அவற்றைக் கட்டி, நேராகத் தன்னிடம் அனுப்பி வைக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை.

சில வாரங்கள் சென்றன. லேபிள் கட்டிய சிப்பாய்கள் ஒவ்வொருவராக ஆல்டர்ஷாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மூக்கு இல்லாதவர்கள், தாடை இல்லாதவர்கள், பேச வாய் இல்லாதவர்கள். பார்சல் சரியான விலாசத்துக்குத்தான் வந்து இருந்தது.

அந்த டாக்டர் ஹெரால்டு கில்லீஸ். இன்று பிளாஸ்டிக் சர்ஜரி என்று அழைக்கப்படும் ரண சிகிச்சையின் தந்தை என்று உலகம் போற்றும் மனிதர். அவர் உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தது கத்தி பிடிக்கும் வித்தை மட்டும் அல்ல, காத்திருக்கும் வித்தையும்தான். அந்தப் பாடத்தை அவர் கற்றுக்கொள்ள ஓர் உயிர் விலையானது.

இளமைப் பருவம்

கில்லீஸ் 1882ம் ஆண்டு ஜுன் 17ந்தேதி நியூசிலாந்து நாட்டின் டுனெடின் நகரில் பிறந்தார். 8 குழந்தைகளில் கடைக்குட்டி. தந்தை நிலம் அளக்கும் தொழில் செய்து முன்னேறியவர். கில்லீஸ் சிறுவனாக இருக்கும்போதே தந்தை இறந்து விட்டார்.

குழந்தைப் பருவத்தில் மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி விளையாடியபோது கீழே விழுந்து முழங்கை முறிந்தது. அந்த மூட்டு கடைசி வரையில் சரியாக மடங்கவில்லை. அந்தக் கையோடுதான் அவர் கிரிக்கெட் ஆடினார், படகு வலித்தார், கோல்ப் ஆடினார். பின்னர் பல்லாயிரம் தையல்கள் போட்டதும் அதே கைதான்.

இங்கிலாந்துக்குச் சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தார். ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஆண்டுதோறும் நடைபெறும் புகழ் பெற்ற படகுப் போட்டியில் 1904ம் ஆண்டு கலந்து கொண்டார். லண்டன் செயிண்ட் பார்தலோமியு ஆஸ்பத்திரியில் மருத்துவம் பயின்று, 1910ம் ஆண்டு எப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார். காது, மூக்கு, தொண்டை நிபுணர் ஆனார். 1911ம் ஆண்டு காத்லீன் என்ற நர்சை மணந்து கொண்டார்.

நல்ல வருமானம், ஓய்வு நேரத்தில் கோல்ப். போர் மட்டும் வராது இருந்தால், வசதியான ஒரு தொண்டை டாக்டராகவே அவர் வாழ்க்கை முடிந்து இருக்கும்.

பாரிசில் கண்ட காட்சி

1915ம் ஆண்டு, 32வது வயதில், செஞ்சிலுவைச் சங்கத் தொண்டராக அவர் பிரான்சுக்குச் சென்றார். அங்கு வாலடியர் என்ற பல் டாக்டரைச் சந்தித்தார். உடைந்த தாடைகளைச் சேர்ப்பதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் பல் டாக்டர் தனியாக ஆபரேஷன் செய்யக்கூடாது, ஒரு சர்ஜன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ராணுவ விதி. அப்படிப் பக்கத்தில் நிற்க அனுப்பப்பட்டவர்தான் கில்லீஸ். மேற்பார்வை பார்க்கப் போனவர், பாடம் கற்றுக்கொண்டு வந்தார்.

பின்னர் பாரிஸ் நகரில் மோரெஸ்தான் என்ற பிரபல சர்ஜன் செய்த ஆபரேஷனைப் பார்த்தார். ஒரு நோயாளியின் முகத்தில் வளர்ந்து இருந்த புற்றுநோயை மோரெஸ்தான் வெட்டி எடுத்தார். முகத்தில் பெரிய பள்ளம் ஏற்பட்டது. தாடையின் கீழ்ப்பகுதியில் இருந்து தோலையும் சதையையும் பெயர்த்து, அடிப்பகுதி மட்டும் ஒட்டி இருக்கும்படி மேலே திருப்பி, அந்தப் பள்ளத்தை மூடினார்.

கில்லீஸ் பிரமித்து நின்றார். இனித் தன் வேலை இதுதான் என்று முடிவு செய்தார். மீண்டும் ஒருமுறை பார்க்கச் சென்றபோது, மோரெஸ்தான் அவரை உள்ளே விடவில்லை. அதனால் அவர் மனம் தளர்ந்து விடவில்லை. ஒருமுறை பார்த்ததே போதுமானதாக இருந்தது.

பதுங்கு குழிப் போர்

அந்தப் போர் பதுங்கு குழிகளில் நடந்த போர். உடம்பைக் குழி காப்பாற்றும். தலையைத் தூக்கிப் பார்த்தால் குண்டு முகத்தில் பாயும். இரும்புத் தொப்பி வந்த பிறகு பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் தொப்பி மண்டையைத்தான் மூடியது. முகம் திறந்தே கிடந்தது.

தாடை உடைந்தவனை ஸ்டிரெச்சரில் மல்லாக்கப் படுக்க வைத்தால், நாக்கும் ரத்தமும் தொண்டையை அடைத்து மூச்சுத் திணறி இறந்து விடுவான். உட்கார வைத்து, தலையை முன்னால் சாய்த்துக் கொண்டு வந்தால் பிழைப்பான். இந்தச் சிறிய விஷயம் தெரியாமலே பலர் வழியில் இறந்தார்கள்.

பிழைத்து வந்தவர்களுக்கும் சரியான சிகிச்சை இல்லை. காயத்தின் இரு ஓரங்களையும் இழுத்துப் பிடித்துத் தைத்து விடுவார்கள். புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, வாயும் கண்ணும் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். உயிர் இருக்கும். ஆனால் வீட்டுக்குப் போக மனம் வராது.

கையோ காலோ இழந்தவனை ஊர் வீரன் என்று கொண்டாடும். முகம் இழந்தவனைக் கண்டால் பெற்ற குழந்தையே மிரண்டு ஓடும்.

இவர்களுக்காகத் தனி ஆஸ்பத்திரிப் பிரிவு வேண்டும் என்று கில்லீஸ் வாதாடினார். 1916 ஜனவரியில் ஆல்டர்ஷாட்டில் அந்தப் பிரிவு கிடைத்தது. அதே ஆண்டு ஜுலை 1ந்தேதி சோம் ஆற்றுப் பகுதியில் பெரும் போர் தொடங்கியது. 200 பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்து படுக்கைகள் போட்டு வைத்து இருந்தார்கள். வந்தவர்கள் ஏறத்தாழ 2 ஆயிரம் பேர்.

மூன்று அடுக்கு

கில்லீஸ் வகுத்துக் கொண்ட முறை, வீடு கட்டும் முறை போன்றது.

முதலில், முகத்தில் மிச்சம் இருப்பதை அதனதன் இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். அப்போதுதான் உண்மையில் எவ்வளவு போயிற்று என்பது தெரியும். அதன் பிறகு மூன்று அடுக்குகளாகக் கட்ட வேண்டும். உள்ளே ஈரத்தோல் போன்ற ஒரு பூச்சு. நடுவில் தாங்கி நிற்க எலும்பு அல்லது குருத்தெலும்பு. வெளியே தோல். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கட்டியது சுருங்கி விழுந்து விடும். உள்பூச்சை மறந்ததால்தான் முன்னால் செய்த பல ஆபரேஷன்கள் பாழாயின என்பதை அவர் கண்டறிந்தார்.

அவருக்குத் துணையாக ஹென்றி டாங்ஸ் என்ற ஓவியர் வந்து சேர்ந்தார். அவர் சர்ஜனாக இருந்து ஓவிய ஆசிரியராக மாறியவர். ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் சிப்பாய்கள் பலரின் முகத்தை வண்ணச் சாக்கட்டியில் வரைந்தார். அந்தப் படங்கள் லண்டன் ராயல் சர்ஜன்கள் கல்லூரியில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

மூக்கை இழந்த ஒரு லெப்டினண்டு 1917ல் வந்தார். அவருடைய விலாவில் இருந்து குருத்தெலும்பை எடுத்து, நெற்றித் தோலின் அடியில் பொருத்தி, பின்னர் அதைக் கீழே திருப்பி மூக்கு ஆக்கினார் கில்லீஸ். முதலில் அது வீங்கி, ஏதோ விலங்கின் மூக்கு போல பயங்கரமாக இருந்தது. உடன் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெட்டி எறிந்து விடலாமா என்று கில்லீசே நினைத்தார். ஆனால் பொறுத்து இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சீர் செய்தார். வீக்கம் வடிந்து, அழகான மூக்கு வெளிப்பட்டது. அந்த லெப்டினண்டு ஆஸ்பத்திரியை விட்டுச் சென்றது 1920ம் ஆண்டில்தான்.

புனேயில் இருந்து போன வித்தை

நெற்றித் தோலால் மூக்கு அமைக்கும் இந்த முறைக்கு மருத்துவ நூல்களில் இந்திய முறை என்று பெயர். அதற்குக் காரணமான சம்பவம் நடந்தது மராட்டிய மண்ணில், புனேயில்.

1792ம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயப் படையில் மாட்டு வண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர், திப்பு சுல்தானின் படையிடம் சிக்கினார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. பிறகு, புனே அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு மூக்கு அமைத்துக் கொடுத்தார்.

மெழுகில் மூக்கு போலச் செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, அளவு பார்த்து தோலை அறுத்தார். இரு புருவங்களுக்கும் இடையே ஒரு துண்டு மட்டும் ஒட்டி இருக்க, தோலைத் திருப்பி மூக்கு இருந்த இடத்தில் பொருத்தினார். ஒட்டி இருந்த அந்தத் துண்டின் வழியாக ரத்தம் பாய்ந்தது. சுமார் 25 நாள் கழித்து, தோல் புதிய இடத்தில் பிடித்துக் கொண்டதும், இணைப்பை வெட்டி விட்டார்.

இதை ஆங்கில டாக்டர்கள் நேரில் பார்த்தார்கள். 1794ம் ஆண்டு லண்டன் பத்திரிகையில் படத்துடன் செய்தி வந்தது. அதைப் படித்த கார்ப்யு என்ற லண்டன் சர்ஜன், பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1814ல் தானே அந்த ஆபரேஷனைச் செய்தார். அந்த வழியில் வந்த வித்தைதான் 100 ஆண்டுகள் கழித்து கில்லீஸ் கைக்குக் கிடைத்தது.

நீல பெஞ்சுகள்

ஆல்டர்ஷாட்டில் இடம் போதவில்லை. 1917ல் சிட்கப் என்ற ஊரில் குவீன்ஸ் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. முகக் காயத்துக்கு என்றே கட்டப்பட்ட ஆஸ்பத்திரி அது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாட்டு டாக்டர்கள் ஒன்றாக வேலை செய்தார்கள். 1917 முதல் 1925 வரை அங்கு சிகிச்சை பெற்றவர்கள் 5 ஆயிரத்துக்கும் அதிகம். நடந்த ஆபரேஷன்கள் 11 ஆயிரத்துக்கும் மேல்.

வார்டுகளில் கண்ணாடி வைக்கத் தடை இருந்தது. தன் முகத்தைத் தானே பார்த்து மனம் உடைந்து விடக்கூடாது என்பதற்காக. ஊருக்குள் செல்லும் சாலையில் சில பெஞ்சுகளுக்கு நீல வண்ணம் அடித்து வைத்தார்கள். அதில் உட்கார்ந்து இருப்பவர் ஆஸ்பத்திரிக்காரர், பார்த்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம் என்று ஊராருக்கு அது அறிவிப்பு.

ஆபரேஷனுக்கும் ஆபரேஷனுக்கும் இடையே பல மாதங்கள் காத்து இருக்க வேண்டும். அந்த நாட்களில் அவர்களுக்குப் பொம்மை செய்யவும், கோழி வளர்க்கவும் கற்றுக் கொடுத்தார்கள். முகம் திரும்பி வந்தால் மட்டும் போதாது, பிழைப்பும் வேண்டும் அல்லவா?

குழாய் பிறந்த கதை

1917ம் ஆண்டு அக்டோபர் 3ந்தேதி. ஜட்லாந்து கடல் போரில் முகம் வெந்துபோன ஒரு மாலுமிக்கு கில்லீஸ் ஆபரேஷன் செய்து கொண்டு இருந்தார். மார்பில் இருந்து தோலைப் பட்டையாகப் பெயர்த்து முகத்துக்குக் கொண்டு போக வேண்டும்.

பெயர்த்த தோல் பட்டையின் ஓரங்கள் தாமாகவே உள்பக்கம் சுருண்டன. அதைக் கண்ட கில்லீசுக்கு திடீர் என்று ஒரு யோசனை. இரு ஓரங்களையும் சேர்த்துத் தைத்து விட்டால் என்ன? தைத்தார். தட்டையான தோல், குழாய் ஆகி விட்டது.

அதில் இரண்டு நன்மைகள். பச்சைப்புண் வெளியே தெரியாததால் சீழ் பிடிப்பது குறைந்தது. உள்ளே ரத்த ஓட்டமும் தடையின்றி நடந்தது. குழாயின் ஒரு முனை புதிய இடத்தில் பிடித்துக் கொண்டதும், மறுமுனையை வெட்டி இன்னும் மேலே கொண்டு போகலாம். வயிற்றுத் தோலைக்கூட படிப்படியாக முகம் வரை நடத்திச் செல்லலாம். அதே காலத்தில் ரஷியாவின் ஒடெசா நகரில் பிலாட்டோவ் என்ற கண் டாக்டரும் தனியாக இதே முறையைக் கண்டு இருந்தார். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது.

சிட்கப் வார்டுகளில், தோளில் இருந்து கன்னத்துக்கும், மார்பில் இருந்து மூக்குக்கும் தோல் குழாய் தொங்க நடமாடும் மனிதர்கள் நிறைந்தார்கள்.

விமானியின் மரணம்

இந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு தோல்வி வந்தது.

விமானப் பயிற்சி முடித்த சமயத்தில் விபத்தில் சிக்கி, முகம் முழுவதும் தீயில் கருகிய ஓர் இளம் அதிகாரி சிட்கப் வந்து சேர்ந்தார். வலி தாங்காமல் மார்பியா ஊசிக்கு அடிமையாகி இருந்தார். உடல் நலிந்து, மனம் ஒடிந்து இருந்தார்.

அவருக்கு ஒரே தடவையில் முழு முகத்தையும் கொடுத்து விட கில்லீஸ் விரும்பினார். மார்பில் முகத்தின் அளவுக்குத் தோலை அளந்து, 1918 பிப்ரவரியில் அதைப் பெயர்த்து முகத்தில் பொருத்தினார். அவ்வளவு பெரிய தோலுக்கு ரத்தம் எட்டவில்லை. தோல் அழுகியது. மார்பிலும் சீழ் பிடித்தது. மார்ச் மாதம் அந்த அதிகாரி இறந்தார். அவருக்கு வயது 26.

கில்லீஸ் இந்தச் சாவை மறைக்கவில்லை. 1920ம் ஆண்டு அவர் வெளியிட்ட முக ரண சிகிச்சை நூலில், வெற்றிகளோடு இந்தத் தோல்வியையும் சேர்த்து எழுதினார். நோயாளியின் உடம்பு தேறும் வரை காத்திருந்து, சிறிது சிறிதாகச் செய்து இருக்க வேண்டும் என்பதை ஒப்புக் கொண்டார். நாளைக்குத் தள்ளிப் போடக்கூடியதை இன்றைக்கே செய்யாதே என்பது அதன் பிறகு அவர் தன் மாணவர்களுக்குப் போதித்த விதி. வேறு தொழிலில் இது சோம்பேறித்தனம். இந்தத் தொழிலில் இதுவே உயிர் காக்கும் மருந்து.

மயக்க மருந்துக் குழாய்

இன்னொரு சங்கடமும் இருந்தது. அக்காலத்தில் மூக்கின் மேலும் வாயின் மேலும் முகமூடி வைத்துத்தான் மயக்க மருந்து கொடுப்பார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டிய இடமே முகம் என்றால் முகமூடியை எங்கே வைப்பது?

சிட்கப் ஆஸ்பத்திரியின் மயக்க மருந்து டாக்டர்களான மகில், ரோபாதம் இருவரும், ரப்பர் குழாயைத் தொண்டை வழியாக மூச்சுக்குழலுக்குள் செலுத்தி மருந்து கொடுக்கும் முறையைப் பக்குவப்படுத்தினார்கள். இன்று உலகம் முழுவதும் பெரிய ஆபரேஷன்களில் கையாளப்படும் முறை அது.

போருக்குப் பிறகு

போர் முடிந்தது. இது ஒரு தனி மருத்துவத் துறை என்பதை மற்ற டாக்டர்கள் ஏற்கத் தயங்கினார்கள். 1924ல் டென்மார்க் நாடு, தீ விபத்தில் சிக்கிய தன் கடற்படையினருக்கு சிகிச்சை அளிக்க கில்லீசை அழைத்து விருது வழங்கியது. 1930ல் பிரிட்டிஷ் அரசு சர் பட்டம் அளித்தது.

இரண்டாவது உலகப்போரின்போது பேசிங்ஸ்டோக் நகரின் ரூக்ஸ்டவுன் ஆஸ்பத்திரியில் மீண்டும் சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்தார். அவருடைய உறவினரும், அதே டுனெடின் நகரில் பிறந்தவருமான ஆர்ச்சிபால்டு மெக்கிண்டோ, தீயில் கருகிய விமானிகளுக்குச் சிகிச்சை அளித்துப் புகழ் பெற்றார். 1946ல் பிரிட்டிஷ் பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் அமைந்தபோது முதல் தலைவர் கில்லீஸ்தான்.

அவர் சிடுமூஞ்சி அல்ல. வேடிக்கைப் பிரியர். கோல்ப் பந்தை பாட்டில் மேல் வைத்து அடித்து எதிராளியைத் திகைக்க வைப்பார். ஓவியமும் வரைவார். முகம் இழந்தவர்களின் வார்டில் சிரிப்பும் மருந்து என்று அவர் நம்பினார்.

மீண்டும் புனே

கில்லீசிடம் பயிற்சி பெற்ற இந்தியர்களில் டாக்டர் நோஷிர் அந்தியா முக்கியமானவர். நாடு திரும்பிய அவர், புனே அருகே கோண்ட்வாவில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். தொழுநோயில் மூக்கின் உள்பூச்சு அழிந்து, மூக்கு அமுங்கி விடும். மூக்குக்கு உள்ளே புதிய தோல் பூச்சு கொடுத்து நிமிர்த்தும் கில்லீஸ் முறையை அவர்களுக்குச் செய்தார். பின்னர் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவை உருவாக்கினார். 2007ல் காலமானார். புனேயில் இருந்து கடல் கடந்து போன வித்தை, வட்டியும் முதலுமாகப் புனேக்கே திரும்பி வந்தது.

1960ம் ஆண்டு ஆகஸ்டு 3ந்தேதி, காலில் அடிபட்ட ஓர் இளம் பெண்ணுக்கு ஆபரேஷன் செய்து கொண்டு இருந்தபோது கில்லீசின் மூளையில் ரத்த அடைப்பு ஏற்பட்டது. செப்டம்பர் 10ந்தேதி இறந்தார். அவருக்கு வயது 78. கடைசி வரை அவர் கையில் கத்தி இருந்தது.

இன்றைய நிலை

தோல் குழாய் முறை இப்போது அபூர்வம். அதன் இடத்தில் வேறு முறைகள் வந்து விட்டன. 1979ல் மார்புச் சதையோடு தோலைத் திருப்பி முகத்துக்கும் வாய்க்கும் கொண்டு வரும் முறையை அமெரிக்க சர்ஜன் ஆரியான் வெளியிட்டார். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் இன்றும் இது பெரிதும் பயன்படுகிறது.

அதைவிட நுட்பமானது, சதையை ரத்தக் குழாயோடு முழுவதுமாக வெட்டி எடுத்து, கழுத்தில் உள்ள ரத்தக் குழாயோடு மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துத் தைப்பது. சில மில்லி மீட்டர் அகலமே உள்ள குழாய்கள். தலைமுடியைவிட மெல்லிய நூல். முன்கைத் தோல் நாக்கு ஆகிறது. 1989 முதல், முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய எலும்பை வளைத்துத் தாடை செய்கிறார்கள். அந்த எலும்பை எடுத்த பிறகும் மனிதன் நடக்க முடியும். பெரிய ஆஸ்பத்திரிகளில் 100க்கு 95க்கும் மேல் வெற்றி கிடைக்கிறது. ஆனாலும் விழுங்கவும் பேசவும் பல மாதப் பயிற்சி வேண்டும். பலருக்குக் கதிர் சிகிச்சையும் தேவைப்படும்.

இன்று இந்தியாவில் இந்த ஆபரேஷன் பெரும்பாலும் யாருக்கு நடக்கிறது? குண்டடிபட்ட சிப்பாய்க்கு அல்ல. புகையிலை, குட்கா, பான் மசாலா போட்டு வாய்ப் புற்றுநோய் வந்த தொழிலாளிக்கும், டிரைவருக்கும், குமாஸ்தாவுக்கும்தான். மும்பை பரேலில் உள்ள டாட்டா நினைவு ஆஸ்பத்திரி வாசலில் காத்து நிற்பவர்களைப் பார்த்தால் இது புரியும்.

வாயில் வந்த புண் 3 வாரம் ஆகியும் ஆறாவிட்டாலும், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரிந்தாலும், வாய் திறப்பது குறைந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் கண்டால் சிறிய ஆபரேஷனோடு போகும்.

பறிபோன முகத்தைக் கட்டித் தர கில்லீசுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டி இருந்தது. அதில் அவசரம் கூடாது என்று ஓர் உயிரைப் பறிகொடுத்துத்தான் அவர் கற்றார். ஆனால் இருக்கிற முகத்தைக் காப்பாற்றிக் கொள்வதில் மட்டும் நாளைக்கு என்று தள்ளிப் போடக் கூடாது.